நாலாவது பெட்டி

கண்டி வாவிக்கரையில் ஒரு குரங்கு என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போய் அன்றோடு நான்கு நாள். அதை மாட்டிக்கொண்டு, வருகிற பஸ்களின் பெயர்ப்பலகைகளை அது வாசித்துக்கொண்டிருப்பதாக இரண்டு பேர் என்னிடம் சொன்னார்கள். இரண்டு பேரும் ஐந்து வேளை தொழுகிறவர்கள். நம்பாமல் என்ன செய்வது? குரங்குக்கு இந்தக் கதையில் இதற்கு மேல் வேலை இல்லை. ஆனால் அந்தக் கண்ணாடி மட்டும் என் மூக்கில் இருந்திருந்தால், அந்த வியாழக்கிழமை பிற்பகல் நாங்கள் பத்துப் பேர் மண்ணுக்குள் போகிற அளவுக்குக் கிட்ட வந்திருக்க மாட்டோம்.

என் பெயர் ஹபீல். வயது எழுபத்தொன்று. முச்சக்கரவண்டி ஓட்டுகிறேன். துப்பறிகிறவள் நிரஞ்சனி மிஸ். அவளை ஏற்றி இறக்குவது என் வேலை. வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாததால் உதவியாளன் என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது.

கண்டிச் சந்தைக்குப் பின்னால், ஒரு செருப்புக் கடைக்கு மேலே அவளுடைய அறை. சட்டத்தரணிகள் இரண்டு மணி நேரம் கத்துவதை ஒரே தாளில் பெட்டி பெட்டியாக வரைந்து கொடுப்பது அவள் தொழில். காரணம் ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு கோடு. முடிவு இன்னொரு பெட்டி.

"ரெண்டு பெட்டிக்கும் நடுவுல 'ஆகவே'ன்னு சொல்லிப் பாருங்க, நானா. தொண்டையில சிக்குச்சுன்னா அந்த வாதம் பொய்" என்பாள்.

அடுத்தவர்களின் வாதத்தில் எந்தக் கோடு தொங்குகிறது என்று பார்த்துப் பார்த்தே அவளுக்குத் துப்பறியவும் வந்துவிட்டது.

அன்று மழை ஆறாவது நாள். மதியம் பன்னிரண்டு மணிக்கே விளக்குப் போட்டிருந்தோம். கதவைத் தட்டாமல் உள்ளே வந்த மஸீனா டீச்சர், நனைந்த கைப்பையிலிருந்து மூன்று சின்ன பிளாஸ்டிக் மருந்துப் போத்தல்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். வைத்த கை போத்தல்களை விட்டு விலக மறுத்தது.

"மிஸ், என்ன ஆரோ கொல்லப் போறாங்க" என்றாள். "என்ன மட்டுமில்ல. பிள்ளைகளயும்."

மஸீனா கட்டுகஸ்தோட்டையில் உயர்தர மாணவர்களுக்கு விவாதம் சொல்லிக் கொடுப்பவள். இரண்டு வருடத்துக்கு முன் நிரஞ்சனியிடம் வந்து இந்தப் பெட்டி வரையும் வித்தையைக் கற்றுக்கொண்டு போனாள். இப்போது ஊரில் அவளைப் 'பெட்டி டீச்சர்' என்றால்தான் தெரியும்.

நிரஞ்சனி போத்தல்களைத் திறந்தாள். ஒவ்வொன்றுக்குள்ளும் சுருட்டிய ஒரு தாள். மேசையில் விரித்தாள். எனக்கு வெள்ளையாக மூன்று தெரிந்தன. அவ்வளவுதான்.

"என்ன மிஸ் ஈக்குது?" என்றேன்.

"நாலு பெட்டி, பக்கத்துல பக்கத்துல. நடுவுல வெறும் கோடு, அம்புக்குறி இல்ல. எழுத்து ஒண்ணுகூட இல்ல, எல்லாம் படம். வரைஞ்ச கை ரொம்ப நடுங்கியிருக்கு." அவள் குரல் மெதுவாக இறங்கியது. "திங்கக்கிழமை தாள்ல, வலது கோடிப் பெட்டியில மட்டும் படம். ஒரு வட்டக் குழி, ஒரு கை, கையில சாந்துக் கரண்டி. குழிய மூடுது. செவ்வாக்கிழமை அதே படம், அதுக்கு இடது பக்கம் இன்னொண்ணு. வயிறு மாதிரி வீங்கின மண்மேடு. நேத்து மூணாவது."

"மூணாவதுல?"

மஸீனாதான் சொன்னாள். "வீடு, ஹபீல் நானா. வீட்டுக்குள்ள ஆக்கள் படுத்துக் கெடக்குறாங்க. கண் இல்லாம. எண்ணிப் பார்த்தேன், ஏழு பேர். என்ட க்ளாஸ்ல ஆறு பிள்ளைகள். நான் ஏழாவது."

மழை ஓட்டில் விழுகிற சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

"இடது கோடிப் பெட்டி?" என்றேன்.

"வெறுமை. மூணு தாள்லயும்."

நிரஞ்சனி பென்சிலை எடுத்து இடப்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தாள். "ஏதோ ஒரு காரணம், அத அவன் சொல்லல. ஆகவே ஏழு பேர் சாகுறாங்க. ஆகவே மண்மேடு. ஆகவே குழிய மூடு." பென்சில் நின்றது. "எங்கயும் சிக்கல. கொல, குவிப்பு, பொதைப்பு. இது வாதமில்ல டீச்சர். வேலத் திட்டம்."

"திங்கக்கிழமையே கடைசிப் படத்த அனுப்பிட்டானே?" என்றேன்.

"முடிவ முதல்ல காட்டி, ஒவ்வொரு நாளும் ஒரு அடி பின்னால போறான். பயமுறுத்துறவன் அப்படித்தான் செய்வான். முதல் பெட்டிதான் அவனோட காரணம். அத நாம நிரப்பிட்டோம்னா ஆளப் புடிச்சிடலாம்."

ஒருமுறை தெல்தெனியாப் பக்கம் ஓர் அட்டைப்பூச்சி என் காலில் ஏறியது. இறக்கிவிடும்போது அரை டிக்கெட் வாங்க வேண்டிய பருமனுக்கு வந்திருந்தது. அப்போதும்கூட நான் இவ்வளவு பயப்படவில்லை.

"போத்தல் எங்க கெடைச்சுது?" நிரஞ்சனி கேட்டாள்.

"பின்னுக்கு, உடுப்புக் கழுவுற கல்லுக்குக் கிட்ட. கேட் பூட்டித்தான் ஈந்த. சேத்துல ஒரு காலடி இல்ல, மிஸ். ஜின் மாதிரி வந்துட்டுப் போறான்."

"பின்னால என்னா இருக்கு?"

"பெரிய மதில். அதுக்கு மேல ஸாகி ஹஸ்ரத்ட வீடு. மத்ரஸாவுல நாப்பது வருஷம் ஓதிக் குடுத்தவர். பாவம், பாரிசவாதம் வந்து எட்டு மாசம். பேச்சும் போச்சு, எழுத்தும் போச்சு. பேனையக் குடுத்தா ஒரு எழுத்து வராது. மகள் அபீபா வேலைக்குப் போனா அவர் ஜன்னல்ல குந்திட்டு என்ட க்ளாஸப் பார்த்துட்டே ஈப்பார்."

"அவர விடுங்க" என்றாள் நிரஞ்சனி. "பேசவும் முடியாது, எழுதவும் முடியாது. அவர்கிட்ட சாட்சிகூடக் கேக்க ஏலாது."

நானும் விட்டுவிட்டேன்.

"இன்னொண்ணு" என்றாள் மஸீனா. "நேத்துல இருந்து குசினிக் கதவு பூட்டுதில்ல. சட்டத்துல இடிக்குது. ஆரோ நோண்டி ஈக்கிறான்."

நான் ஒரு போத்தலை மோந்து பார்த்தேன். பேர் ஒட்டியிருந்த தாளை உரித்திருந்தார்கள். "விஷம் வச்சிருந்த போத்தல்" என்றேன். மஸீனா கதிரையைப் பிடித்துக்கொண்டாள். சில நேரம் நான் வாயை மூடியிருக்கலாம்.

"சாந்துக் கரண்டி" என்றாள் நிரஞ்சனி. "மேசன் யாரையாவது தெரியுமா?"

மஸீனாவின் முகம் மாறியது. "அழகமுத்து. வத்தேகமக்காரர். போன மாசம் பின்னுக்குக் கொஞ்சம் பூச்சு வேல செஞ்சார். வாய்த் தர்க்கமாப் போச்சு. கோவிச்சிட்டுத்தான் போன."

"எதுக்குத் தர்க்கம்?"

"சில்லற விஷயம் மிஸ்." அவள் மணியைப் பார்த்து எழுந்தாள். "மூணரைக்கு க்ளாஸ். போட்டிக்கு எட்டு நாள்தான் ஈக்குது. பிள்ளைகளுக்கு இன்டைக்குப் புதுப் படம் குடுக்கணும். முடிவுப் பெட்டிய வெறுமையா விட்டுக் குடுப்பன், அவங்கதான் யோசிச்சு நிரப்பிட்டு வரணும்."

"இன்னிக்கு நிப்பாட்டுங்க டீச்சர்."

"ஆறு பேரும் பஸ் ஏறி ஈப்பாங்க. தனியா வீட்டுல ஈக்கிறதவிடக் கூட்டமா ஈக்கிறது நல்லம்."

அவள் போன பிறகு நிரஞ்சனி நேற்றைய தாளைச் சட்டைப்பைக்குள் வைத்தாள். "வத்தேகமைக்கு எடுங்க வண்டிய."

* * *

மடவளை தாண்டியதும் மலை எது, மேகம் எது என்று தெரியவில்லை. கண்ணாடி இல்லாத எனக்கு அது பெரிய வித்தியாசமாகப் படவில்லை. பாதையை இத்தனை வருடப் பழக்கத்தில் ஓட்டினேன். இரண்டு இடத்தில் மேட்டு மண் ரோட்டுக்கு வந்திருந்தது.

வத்தேகமச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடைக்கு மேல்மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். சாரத்திலிருந்து நெடுநெடுவென்று ஒருவர் இறங்கி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையில் சாந்துக் கரண்டி. நிரஞ்சனி ஒரு அடி பின்னால் வந்தாள். நான் அவளுக்கும் ஒரு அடி பின்னால் இருந்தேன்.

"அழகமுத்து அண்ணன் நீங்கதானே?"

"நாந்தாம்மா. புது வேலன்னா அடுத்த மாசந்தான்."

அவள் தாளை நீட்டினாள். அவர் அதை அவ்வளவு நேரம் பார்ப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முதலில் கையையும் குழியையும் பார்த்தார். பிறகு கரண்டி அவர் கையிலிருந்து விழுந்தது. எடுக்கவில்லை.

"இத யாரு வரஞ்சது?"

"அதத்தான் நாங்களும் கேக்க வந்தோம்."

"நா அப்பவே வேணாம்னு சொன்னேங்க. டீச்சர்தான் புடிவாதமா நின்னுச்சு. நா அடிச்சுப் பேசியிருக்கணும்." அவர் வானத்தைப் பார்த்தார். "அங்கிட்டும் இப்புடித்தான் பேயுதா?"

"ஆறு நாளா."

"டீச்சர் எங்க இப்ப?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"எங்கன்னு சொல்லுங்கம்மா!"

"மூணரைக்கு க்ளாஸ். பின்னுக்கு, தகரத்துக்குக் கீழ" என்றேன் நான். நிரஞ்சனி என் காலை மிதித்தாள். இந்த மிதியை அவள் எப்போதும் ஒரு வசனம் பிந்தியே மிதிப்பாள்.

அழகமுத்து மூலையில் கிடந்த அலவாங்கை எடுத்தார். ஆள் உயர இரும்பு. எங்களுக்கு முன்பே வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"எடுங்க பெரியவரே. நா கைய வச்ச வேல. நானே போயி முடிக்கணும்."

நாற்பத்தைந்து வருடம் வண்டி ஓட்டியிருக்கிறேன். மணப்பெண்ணை ஏற்றியிருக்கிறேன், மையத்து வீட்டுக்கு, சாவுக்குப் போகிறவர்களை ஏற்றியிருக்கிறேன், ஒருமுறை டிக்கெட் கேட்ட ஆட்டையும் ஏற்றியிருக்கிறேன். கொலைகாரனை அவனுடைய கொலைக்கே ஏற்றிப் போனது அதுதான் முதல் தடவை. பின்னால் நிரஞ்சனி ஒரு ஓரத்தில், அவர் மறு ஓரத்தில். அலவாங்கு வண்டிக்குள் நேராக அடங்காமல், அதன் கூர் என் பிடரிக்கு அருகில் வந்து ஆடியது. ஒவ்வொரு பள்ளத்திலும் அது என்னைத் தொட்டது. குளிர்ந்த இரும்பு. தொடும்போதெல்லாம் கலிமாவைப் பாதியில் விட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

அவர் ஃபோனை எடுத்து அழைத்தார். பதில் இல்லை. மறுபடி அழைத்தார்.

"எடுக்க மாட்டேங்குதே. எடுக்க மாட்டேங்குதே."

நிரஞ்சனி முன்னால் சாய்ந்து தன் ஃபோனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஏதோ எழுதியிருந்தாள். எனக்கு வெளிச்சமாக ஒரு சதுரம் தெரிந்தது. நான் தலையாட்டினேன். அவள் கோபமாக மறுபடி காட்டினாள். நான் மறுபடி தலையாட்டினேன். 'பொலிசுக்குத் திருப்புங்க' என்று அதில் இருந்ததாம். பிறகு சொன்னாள்.

என் பங்குக்கு நானும் ஒரு தந்திரம் செய்தேன். வேகத்தைக் குறைத்தேன்.

இரும்பு பிடரியில் வந்து நின்றது. "வெரசா போங்க பெரியவரே. நேரமில்ல."

வேகமாகப் போனேன். அப்படிப் போனேன் என்று சொன்னால் போதாது. ஒரு வளைவில் என் வண்டியின் பின் விளக்கை நானே பார்த்தேன்.

* * *

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு முன்னால் வரும் ஒழுங்கையில் திரும்பும்போது மகாவலி ஆறு தேநீர் நிறத்தில், கரை தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. மணி நாலு அடிக்கப் பத்து நிமிடம். வண்டி நிற்கும் முன்பே அழகமுத்து குதித்தார். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள சந்து வழியாக, அலவாங்கைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினார்.

நாங்கள் முன்கதவால் ஓடினோம்.

"டீச்சர்! பிள்ளைகள உள்ள கூப்பிடுங்க! மேசன் வந்துட்டான்!" என்று கத்தினாள் நிரஞ்சனி.

மஸீனா கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. பின்னால் தகரத்தின் கீழ் இருந்த ஆறு பிள்ளைகளையும் குசினிக்குள் இழுத்தாள். கதவு சட்டத்தில் இடித்தது. நானும் நிரஞ்சனியும் தோள் கொடுத்து அறைந்தோம். இறுகிப் பூட்டிக்கொண்டது. மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தோம். அந்தச் சின்னக் குசினிக்குள் ஒன்பது பேர். அடுப்பில் பிள்ளைகளுக்கு வைத்த பிளேன்டீத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதை இறக்க யாருக்கும் தோன்றவில்லை.

வெளியே சத்தம் தொடங்கியது. ணங்.

பிறகு இன்னொன்று. ணங். இரும்பு கல்லில் விழுகிற சத்தம்.

"என்ன செய்றார்?" சுதர்சினி என்ற பிள்ளை கேட்டாள்.

"குழி தோண்டுறான்" என்றேன். அவள் அழத் தொடங்கினாள். சொன்னேன் அல்லவா, சில நேரம் நான் வாயை மூடியிருக்கலாம்.

"மிஸ்" என்று மஸீனா நிரஞ்சனியின் கையைப் பிடித்தாள். "நாலாவது போத்தல். க்ளாஸ் தொடங்கக்குள்ள வந்து விழுந்த. பிள்ளைகள்ட முன்னுக்கே."

நிரஞ்சனி அவசரமாகத் தாளை விரித்தாள். "அதே மூணு படம். நாலாவது பெட்டி இன்னும் வெறுமைதான். ஆனா இந்தத் தடவை அந்தப் பெட்டிய மட்டும் சுத்திச் சுத்தி வரைஞ்சிருக்கான். தாள் கிழியிற அளவுக்கு. காரணத்தச் சொல்ல மாட்டேங்குறானே!"

ணங்.

பயத்தில் மனிதன் ஏதாவது செய்ய வேண்டும். நான் மஸீனாவின் கழுத்தில் தொங்கிய மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினேன். தாளைப் பிடுங்கினேன். நான்கு நாளுக்குப் பிறகு உலகத்துக்கு ஓரங்கள் வந்தன. விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன்.

"கையால ஓட்டைய அடைக்கிறாங்க" என்றேன். "அடைச்சா, மதில் ஊதுது. ஊதினா, வீடு விழுந்து ஆக்கள் நசுங்குறாங்க. அதுக்குப் பிறகு ஒண்டுமில்ல. இதுல என்ன விளங்க ஈக்குது?"

நிரஞ்சனி என்னைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறியதை அந்தக் கண்ணாடியில் தெளிவாகவே பார்த்தேன்.

"நானா. எந்தப் பக்கத்துல இருந்து பாக்குறீங்க?"

"தொடங்குற பக்கத்துல இருந்துதான்." என் விரல் தாளின் வலது ஓரத்தில் தொடங்கி இடது ஓரத்தில் நின்றிருந்தது. "அஞ்சு வயசுல மத்ரஸாவுல முதல்ல புடிச்ச பக்கம் இது. எழுத்து ஈந்தா மாத்திப் பாப்பேன். படத்துக்கு எந்தப் பக்கம்?"

"அடைச்சாங்க" என்றாள் அவள், மூச்சே இல்லாமல். "ஆகவே வீங்குது. ஆகவே விழுது. ஆகவே…" அவள் மஸீனா பக்கம் திரும்பினாள். "டீச்சர், அது மண்மேடு இல்ல. மதில். குழியும் இல்ல. படம் போட்டவர் பின்னால இருந்து முன்னால வரல. வலது பக்கத்துல இருந்து ஒழுங்காத்தான் வந்திருக்காரு. வெறுமையா இருக்குறது காரணமில்ல. முடிவு! உங்க க்ளாஸ் மாதிரியே விட்டிருக்காரு, நீங்க நிரப்பணும்னு. அந்த மதில்ல ஓட்டை இருந்துச்சா?"

மஸீனாவின் வாய் திறந்தது. "ஒம்பது. தண்ணி வடியிற ஓட்டை. மண் தண்ணி கழுவுற கல்லுல விழுது, பிள்ளைகள்ட புத்தகத்துல தெறிக்குது எண்டு… நான்தான் மேசனுக்குச் சொல்லிப் பூசி அடைச்ச. அவர் வேணாம் எண்டார். நான்தான், மிஸ்."

ணங். வெளியே ஏதோ பீறிடும் சத்தம். "தண்ணி வருது! டீச்சர், வீட்ட விட்டு எறங்குங்க!" என்று அழகமுத்துவின் குரல்.

கொலைகாரனுக்குப் பயந்து, ஆறு பிள்ளைகளை அந்த மதிலுக்கு மிகக் கிட்டிய அறைக்குள் கொண்டுவந்து பூட்டி வைத்திருந்தது நாங்கள். கதவை இடிக்க வைத்த அதே குசினிச் சுவரில் ஒரு கோடு, மேலிருந்து கீழே, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓடியது.

"முன்வாசல்! ஓடுங்க!" என்றாள் நிரஞ்சனி.

பிள்ளைகள் ஓடினார்கள். மஸீனா ஓடவில்லை. அவளை நான் இழுத்தேன். அவள் அடுப்பை அணைக்கக் கை நீட்டினாள். பெண்ணே, அடுப்பா இப்போது என்று கத்தினேன். நிரஞ்சனி ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்தாள்.

"அண்ணே! விட்டுட்டு வாங்க!"

"ரெண்டு தெறந்துட்டேன். இன்னும் ஏழு!"

"ஏழும் வேணாம்! நீங்க வேணும்! வாங்கண்ணே!"

அவர் சந்து வழியாக வெளியே வந்து விழுந்தபோது நாங்கள் ரோட்டில் நின்றோம். அவருக்குப் பின்னால் பூமி ஒரு பெருமூச்சு விட்டது. இடி மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஈர உடுப்பை ஒரு மலையளவு கூடையிலிருந்து கொட்டியது மாதிரி ஒரு சத்தம். குசினி இருந்த இடத்தில் சிவப்பு மண் இருந்தது. தகரம் ஒரு முறை மடிந்து, உள்ளே போனது. கொதித்த தண்ணீரின் ஆவி மட்டும் கொஞ்ச நேரம் மண்ணிலிருந்து வந்தது.

அழகமுத்து ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப, படம் போட்டது?" என்றேன்.

நிரஞ்சனி மேலே பார்த்தாள். "சேத்துல காலடி இல்ல. ஏன்னா போத்தல் நடந்து வரல, மேல இருந்து விழுந்துச்சு. பேசவும் முடியாது, எழுதவும் முடியாது. மிச்சம் இருக்குறது படந்தான். ஜன்னல்ல இருந்து டீச்சரோட பலகையப் பாத்தே படிச்சிருக்காரு. நாப்பது வருஷம் அரபிய வலது பக்கத்துல இருந்தே வாசிச்ச கண்ணு. அவர விடுங்கன்னு நாந்தான் சொன்னேன்."

மேலே, மழைக்குள், ஒரு ஜன்னல். ஜன்னலில் ஸாகி ஹஸ்ரத். வெள்ளைத் தொப்பி, அசையாத வலது தோள், கம்பியைப் பிடித்த இடது கை. அந்த மருந்துப் போத்தல் யாருடையது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மஸீனா என்னிடமிருந்து தாளை வாங்கினாள். என் வண்டியின் இருக்கையில் வைத்து, நாலாவது பெட்டிக்குள் வரைந்தாள். ரோடு. ரோட்டில் ஆட்கள் நிற்கிறார்கள். கண்கள் உள்ள ஆட்கள். அழுதுகொண்டே வரைந்ததால் கோடு ஹஸ்ரத் போட்ட கோட்டைப் போலவே நடுங்கியது. இரண்டு கையாலும் தாளை மேலே தூக்கிக் காட்டினாள்.

அந்தத் தூரத்தில் அவருக்கு என்ன தெரிந்ததோ. கிழவர் தலையை ஒரு தடவை அசைத்தார். கம்பியைப் பிடித்த கை தளர்ந்தது. வேலை முடிந்த ஆள் மாதிரிச் சாய்ந்துகொண்டார்.

எனக்குத்தான் எண்ணுகிற கெட்ட பழக்கம். பிள்ளைகள் ஆறு, மஸீனா, மிஸ், மேசன், நான். பெட்டிக்குள் பத்துப் பேர் சரியாக இருந்தோம்.

"மகள்" என்றேன். பயந்தால் நான் நிரஞ்சனியை மிஸ் என்று கூப்பிடுவதில்லை. "விழுந்த மதில் ஆர்ட மண்ணத் தாங்கிட்டு ஈந்த?"

அவள் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தோம். ஜன்னலுக்குக் கீழே மண் இல்லை. அந்த அறையின் அத்திவாரம் பாதி வெளியே, காற்றில் நின்றது. அவர் நான்கு நாளாக வரைந்த படத்தில் அவருடைய வீடு எங்கேயும் இல்லை.

மேல் வீட்டுக்குப் போகும் பக்கப் படிக்கட்டில் ஏறினோம். எழுபத்தொரு வயதில் நாற்பது படி. ஏறினேன் என்பதற்கு மூன்று பேர் சாட்சி. முன்கதவில் வெளிப்பூட்டு. அவர் தனியே எழும்பி விழுந்துவிடக் கூடாது என்று அபீபா பூட்டிவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். "அலவாங்கு!" என்று கத்தினேன். அழகமுத்து அதைக் கைவிடாமல்தான் கொண்டுவந்திருந்தார். என் பிடரியைத் தொட்ட அதே கூர் பூட்டுக்குள் போனது. ஒரே நெம்பு.

உள்ளே தரை சாய்ந்திருந்தது. மேசையில் இருந்த பென்சில் தானாக உருண்டு ஜன்னல் பக்கம் போயிற்று. நாங்கள் அதற்கு எதிர்த் திசையில், அவரைக் கதிரையோடு தூக்கினோம். மேசன் ஒரு பக்கம், நிரஞ்சனி ஒரு பக்கம், பின்னால் மஸீனா. நான் முன்னால் நடந்து வழி சொன்னேன். அதுவும் பாரமான வேலைதான்.

கடைசிப் படிக்கு வந்தபோது மேலே அதே பெருமூச்சு கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் இல்லை.

ஹஸ்ரத்தை என் வண்டிக்குள் இருத்தி, மழைக்குத் திரையை இறக்கினோம். மஸீனா அவர் காலடியில், நனைந்த ரோட்டில் குந்திவிட்டாள். "ஹஸ்ரத், நான்தான் அடைச்ச. நான்தான்" என்றாள் திரும்பத் திரும்ப. அவர் இடது கையை நீட்டினார். ஆறுதல் சொல்லவில்லை. தாளைக் கேட்டார்.

கொடுத்தாள். அவர் நாலாவது பெட்டியில் விரலை வைத்து எண்ணினார், வலப் பக்கத்திலிருந்து. பத்து. விரல் அங்கே நின்றது. பிறகு பேனையை வாங்கி, பெட்டியின் இடது ஓரத்தில், மற்றவர்களோடு ஒட்டாமல் ஒட்டி, ஒரு கதிரையை வரைந்தார். கதிரைக்குள் ஒரு சின்ன ஆளையும் வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் கை நடுங்கவில்லை.